இடுப்பில் செருகிய தந்தி

என் தம்பி மகன் ராமசுப்ரமணியன் பனியில் காணாமற் போன செய்தி மகர மாதம் பதினோராம் தேதி காலை பத்து மணிக்கு எனக்குத் தந்தியில் வந்தது. பதினாறாம் தேதி என் மகள் வாலாம்பாளுக்குக் கல்யாணம். கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தலுக்கு மூங்கில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். தந்தியைப் படித்து மடித்துவிட்டு, மூன்றாவது மூங்கில் கோணலாக நிற்கிறது என்று ஆளைக் கடிந்துகொண்டேன். கோணல் இருந்தது உண்மைதான்.

தந்தியை அனுப்பியவன் சொராப் என்ற பம்பாய்ப் பையன். ராமுவோடு சூரிச்சில் மின்சார இஞ்சினீயரிங் படிப்பவன். "ராமு கொடித் தடத்தை விட்டு வெளியே சறுக்கினான். பனி சரிந்தது. நேற்று முதல் காணவில்லை. தேடுகிறார்கள்." அவ்வளவுதான் அதில் இருந்தது.

எனக்கு அந்த வரி புரிந்ததற்குக் காரணம் ராமுவின் கடிதங்கள். ஆளுயரத்துக்கு மேல் நீளமான இரண்டு மரப்பலகைகளைத் தோல் வாரால் காலில் கட்டிக்கொண்டு பனி மூடிய மலையிலிருந்து சறுக்கி இறங்குவது அந்தத் தேசத்தில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. இரண்டு வருஷமாக லீவு விட்டால் அவன் அதற்கென்றே ஒரு மலையூருக்குப் போய்க்கொண்டிருந்தான். தனுர் மாதம் வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்:

"கிறிஸ்துமஸ் லீவுக்கு இந்த ஊரில் கால் வைக்க இடமில்லை, பெரியப்பா. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்து குவிகிறார்கள். பல்சக்கர ரயில் எல்லோரையும் உச்சியில் கொண்டு விடுகிறது. அங்கிருந்து ஊர் வரைக்கும் சிவப்புக் கொடி நட்டு, பனியை மிதித்து இறுக்கி, தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் இறங்குவது சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் நடக்கிற மாதிரி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இடித்தால் ஒரு மன்னிப்பு. சொராபும் நானும் இப்போது கொடிக்கு வெளியே போகிறோம். அங்கே பனியை ஒருவரும் மிதித்திருக்க மாட்டார்கள். தொடையளவு ஆழம், அரிசி மாவு போல. பலகை சத்தமே போடாது. கீழே பாறையா பள்ளமா என்று காலுக்குத் தெரியாது. ஆனியில் ஆறு கலங்கிப் போகும்போது படித்துறையில் கால் வைக்கிற மாதிரி. காற்றடித்த மறுநாள் போகக் கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மேல்பனி பாளமாகப் பெயர்ந்து வருமாம். நாங்கள் பார்த்துத்தான் போகிறோம்."

நான் ஒரே வரியில் பதில் எழுதினேன். "கொடி நட்டவன் காரணத்தோடுதான் நட்டிருப்பான், படிக்கப் போன இடத்தில் படி." ஆனால் அதே கடிதத்தை, என்னோடு ஹஜூர் கச்சேரியில் சர்க்கார் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கிய நாலு பேரிடம் உரக்கப் படித்தும் காட்டினேன். வெள்ளைக்காரர்கள் கொடிக்குள் இறங்குகிறார்கள், நம் வீட்டுப் பையன் கொடிக்கு வெளியே இறங்குகிறான் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைப்பதற்கில்லை.

தம்பி இறந்தபோது ராமுவுக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பூணூல் போட்டது, படிக்க வைத்தது, அனந்தலக்ஷ்மியை அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் நான். சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்து அவன் கப்பல் ஏறியதும் என் சம்மதத்தோடுதான். அதற்கு நாங்கள் கொடுத்த விலை, வாலாம்பாளுக்கு நாகர்கோவிலில் நிச்சயமாகியிருந்த இடம். கடல் தாண்டினவன் இருக்கிற குடும்பத்தில் கை நனைக்க மாட்டோம் என்று நிச்சயதாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். தட்டைக் கொண்டுவந்தவன் தெருவில் நடுவாக நடந்து வந்தான். இரண்டு பக்கத்து வீடுகளும் பார்த்தன. அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் என் மகள் கோவிலுக்குப் போகவில்லை. பிறகு கல்லிடைக்குறிச்சி சாம்பசிவையர் சம்மதித்தார். ராமு திரும்பி வந்ததும் பிராயச்சித்தம் செய்துகொள்வான் என்று நான் கொடுத்த வாக்கின் பேரில் சம்மதித்தார். ராமுவும் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "கடல் தாண்டினது ஒண்ணுதான் பெரியப்பா. இனிமே உங்களைக் கேக்காம ஒண்ணும் பண்ண மாட்டேன்."

ஆகவே முதல் தந்தியை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. தந்தி ஆபீசுக்குப் போய், தேடுவதை நிறுத்தாதே என்று சொராபுக்குப் பதில் கொடுத்தேன். அங்கே கவுண்டரில் இருந்தவர் வேதமாணிக்கம் என்ற பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவர். வார்த்தைகளை எண்ணிவிட்டு, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ரசீது கொடுத்தார்.

திரும்பும் வழியில் எங்கள் குடும்பப் புரோகிதர் வெங்கடகிருஷ்ண வாத்தியார் வீட்டில் ஏறினேன்.

"தூர தேசத்துல தாயாதி ஒருத்தர் போயிட்டார்னு வெச்சுக்குங்கோ. தீட்டு எப்போலேர்ந்து?"

"கேட்ட நாழிகைலேர்ந்து. காதுல விழாத சாவுக்குத் தீட்டு ஏது?"

"காணலைன்னு மட்டும் கேட்டா?"

"காணலைன்னா காணலை. போனதா ஆகாது." வெற்றிலையை நீவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கல்யாணத்தன்னிக்குக் காலைல பித்ருக்களைக் கூப்பிட்டு நாந்தி ஆயிட்டா, அப்புறம் சாவே கேட்டாலும் அந்தக் கல்யாணத்தை அது தொடாது. ஏன் அண்ணா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"சும்மா கேட்டேன்."

"கல்யாணத்துக்கு அஞ்சு நாள் இருக்கச்சே சும்மா கேக்கற கேள்வியா இது? நன்னாக் கேட்டேள், போங்கோ" என்று சிரித்தார்.

நாலு நாள் போயிற்று. தேங்காய் வந்தது, வாழைக்குலை வந்தது, சமையல்காரர்கள் வந்தார்கள். தந்தி வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றேன். அத்தனை நாள் ஒருவன் பனியில் கிடந்தால் என்ன ஆவான் என்று நினைக்காமல் இருக்க, பட்சணங்களை மறுபடி மறுபடி எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி மங்கலத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. "உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? அதிரசம் என்ன ஓடியா போயிடும்?" என்றாள்.

பதினைந்தாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டாவது தந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணி வண்டிக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மிதான் பியூனிடமிருந்து அதை வாங்கினாள்.

"பெரியப்பா, கம்பி வந்திருக்கு."

வாங்கி, பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"பிரிக்கலையா?"

"ஆசீர்வாதக் கம்பி. அப்புறம் பாக்கலாம்."

நான் உள்ளே போனேன். அவள் கையில் கோலமாவோடு என் பின்னாலேயே மேஜை அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அந்த வீட்டுக்கு வந்த ஐந்து வருஷத்தில் அவள் நான் இருக்கும் அறைக்குள் தானாக வந்ததில்லை.

"காலைல வந்த மூணு கம்பியையும் பந்தல்ல நின்னு உரக்கப் படிச்சேள். இதை ஏன் படிக்கலை?"

"வேலை கிடக்கு அனந்தம். போ."

"வெறுதே சொல்லாதேங்கோ, பெரியப்பா. பதினொண்ணாம் தேதி ஒண்ணு வந்துது. அதையும் நீங்க யாருக்கும் சொல்லலை. அன்னிலேர்ந்து நீங்க ரெண்டாம் சாதம் கேக்கலை. நான்தானே பரிமாறறேன்? எனக்குத் தெரியாதா? அவருக்கு என்ன?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் தந்தியில் இருந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. கோலமாவு விரலிடுக்கில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"இதுல என்ன இருக்கு?"

"தெரியாது."

"பிரிங்கோ."

"நாளைக்கு நாந்தி ஆற வரைக்கும் பிரிக்கப்படாது. உள்ளே இருக்கறது அதுவா இருந்தா, பிரிச்ச நிமிஷம் வீட்டுக்குத் தீட்டு. அஞ்சு மணிக்கு வரவாளை ஸ்டேஷன்லேயே திருப்பி அனுப்பணும். இன்னொரு தட்டு திரும்பி வந்தா வாலாம்பாள் கிணத்துல விழுவா. நீதானே அவளோட ஒரே பாயில படுத்துக்கறே? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." விரலில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டாள். "அது இல்லாம வேற ஒண்ணா இருந்தா?"

"நல்லதா இருந்தா நாளைக்கும் நல்லதாத்தானே இருக்கும்?"

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். சொன்னபோது அதில் ஒரு பிசகும் எனக்குத் தெரியவில்லை.

"அப்போ நாளைக்குப் பந்தல்ல நான் என்னவா நிக்கணும்?" என்று கேட்டாள். "பச்சைப்பிடி சுத்தணும், ஆரத்தி எடுக்கணும், ஊஞ்சல்ல பாலால காலைத் துடைக்கணும். அதெல்லாம் சுமங்கலி பண்றது. நான் யாரு பெரியப்பா இப்போ?"

"கேக்கற வரைக்கும் நீ இருக்கற மாதிரியேதான். போய் முகத்தை அலம்பிண்டு வா."

அவள் போனாள். ஐந்து மணிக்கு நான் தம்பானூரில் சாம்பசிவையரைச் சந்தனம் கொடுத்து வரவேற்றேன். பெரிய உடம்பு, பெரிய குரல். "என்ன ஓய், சீமைக்குப் போனவர் கல்யாணத்துக்கு வரலையா? பனியில சறுக்கிண்டே வந்துடப்படாதோ!" என்று பிளாட்பாரம் முழுவதும் கேட்கும்படி சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் விடியற்காலை குளித்து மடி உடுத்தினேன். தந்திக் காகிதம் விழுப்பு. அதைத் தொட்டுக்கொண்டு கர்மாவில் உட்கார முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுப் போனேன். முன்னோர்களை அழைத்து நாந்தி செய்தேன். என் தகப்பனார் பெயரைச் சொன்னேன், பாட்டனார் பெயரைச் சொன்னேன். அந்த வரிசையில் ராமுவும் இப்போது சேர்ந்துவிட்டானோ என்று தோன்றிய க்ஷணத்தில் மந்திரம் தடுக்கிற்று. வாத்தியார் மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

ஒன்பதே கால் மணிக்கு முகூர்த்தம். கெட்டிமேளத்துக்கு முன்னால் பச்சைப்பிடி சுற்றும்போது அனந்தலக்ஷ்மி தூணோரம் நின்றுவிட்டாள். மங்கலம் எல்லோருக்கும் முன்னால் அவளை அதட்டினாள். "வாடி! பட்டுப் புடவையைக் கட்டிண்டு பந்தலுக்கு முட்டுக் குடுக்கவா நிக்கறே? நாலு பேர்ல நீ ஒருத்தி குறையறதே!" அனந்தம் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். அவள் வந்து, மஞ்சளும் சிவப்புமாகக் கலந்த சாத உருண்டைகளை எடுத்து, வாலாம்பாளைச் சுற்றி நாலு பக்கமும் எறிந்தாள். அவள் பல்லைக் கடித்திருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

தாலி ஏறிற்று. இனி எந்தச் செய்தியும் அந்தக் கல்யாணத்தைத் தொட முடியாது. சாஸ்திரம் எனக்கு அதுவரைக்கும்தான் இடம் கொடுத்திருந்தது. அதற்குப் பின்னால் நான் எடுத்துக்கொண்ட நேரம் என் சொந்தப் பொறுப்பு.

முகூர்த்தம் முடிந்ததும் மாடத்திலிருந்து தந்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிரிக்க வேண்டும் என்று அறைக்குள் இரண்டு தடவை போனேன். முதல் தடவை சம்பந்தியின் அக்கா காப்பி ஆறிவிட்டது என்று சண்டை போட்டாள். இரண்டாம் தடவை ஒருவரும் கூப்பிடவில்லை. கவரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாள் கல்யாணம் பாக்கி இருக்கிறது. பிரித்தால் மேளத்தை நிறுத்த வேண்டும். அந்தப் பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுக்கச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் எழவு என்று கல்லிடைக்குறிச்சி முழுக்கப் பேசும். வாலாம்பாளைப் புகுந்த வீட்டில் 'காலடி வெச்ச வேளை' என்று சொல்லிக் காட்டுவார்கள். கட்டுச்சாதம் கட்டி அவர்களை வண்டி ஏற்றிவிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். செத்துப்போனவன் காத்திருப்பான் என்று நினைத்தேன். அப்படியே இந்த வார்த்தைகளில் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அனந்தம் கூடத்தில் என்னைத் தாண்டிப் போகும்போது, "நாந்தி ஆயாச்சு" என்றாள்.

"தெரியும்."

"முகூர்த்தமும் ஆயாச்சு."

"நாலாம் நாள் ஆகட்டும்."

"என்னைக் கொன்னாக்கூடச் சாரமில்லை பெரியப்பா, பொறுத்துப்பேன். இப்படி வெச்சுண்டிருக்காதேங்கோ" என்றாள். பின்னால் யாரோ வந்தார்கள். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு நலங்குக்குப் பாடப் போனாள். மாப்பிள்ளையைக் கேலி செய்து அவள் பாடிய பாட்டுக்குப் பந்தல் முழுதும் சிரித்தது.

பதினேழாம் தேதி காலை பதினொரு மணி. பந்தலில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் வந்து பந்தலின் கடைசிக் காலுக்கு அப்பால் நின்றது. தந்தி ஆபீஸ் வேதமாணிக்கம். அக்கிரகாரத்துக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. நான் விரைந்து போய் அவர் மேலே வராதபடி எதிரில் நின்றேன்.

"என்ன?"

"சாமி கோவப்படப்படாது. நான் உள்ள வரல்லே. இஞ்ச நிண்ணே கேட்டுட்டுப் போயிருதேன். முந்தாநாள் வந்த கம்பி சாமி கையில கிட்டிச்சா?"

"கிட்டித்து."

"அதுக்கு மறுபடி, பதிலு, ஒண்ணும் சாமிகிட்டேருந்து வரல்லியே. ரெண்டு நாளாச்சு."

"ஆசீர்வாதக் கம்பிக்கு மறுபடி என்ன? கல்யாணம் நடக்கறது தெரியலையா? போய்ட்டு வாங்கோ."

அவர் நகரவில்லை. சைக்கிள் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "சாமி அதைப் பிரிச்சே பாக்கல்லியா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஊஞ்சல் பக்கத்தில் இரண்டு தலைகள் திரும்பின.

"உள்ள என்ன இருக்குண்ணு நான் சொல்லமாட்டேன். சத்தியம் செய்து குடுத்த வேலை. ஆனா இதைச் சொல்லலாம். அது மறுபடிக்கு அங்கேயே காசு கெட்டி அனுப்பின கம்பி. ரிப்ளை பெய்டு. கவருக்குள்ள மறுபடி எழுதற ஃபாரமும் சேத்துத்தான் வச்சிருக்கு. நான்தான் வச்சேன்." அவர் மூச்சு வாங்கினார். "மரணக் கம்பிக்கு ஆராவது மறுபடி கேட்டுக் காசு கெட்டுவாளா சாமி?"

கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் காகிதம் பார்த்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை. இடுப்பிலிருந்து அதை எடுத்தேன். இரண்டு நாள் வியர்வையில் கவர் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் வழுக்கிற்று. எப்போது வந்தாளோ, அனந்தலக்ஷ்மி அதை என் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தாள். நாலாம் பாரம் வரை படித்தவள். எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் வாசித்தாள். ஊஞ்சலில் பாட்டு நின்றுவிட்டது.

"ராமு உயிரோடு இருக்கிறான். மூன்றாம் நாள் வைக்கோல் குடிசையில் கண்டெடுத்தோம். வலது பாதம் உறைந்து அழுகுகிறது. உடனே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பெரியப்பாவின் உத்தரவு இல்லாமல் சம்மதிக்க மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு மணியும் முக்கியம். பதில்."

நாற்பத்துநாலு மணி நேரம்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கு உடனே விளங்கிற்று. அங்கம் குறைந்தவனுக்குக் கர்மா செய்ய அதிகாரம் உண்டா என்று நானும் வாத்தியாரும் தர்க்கம் செய்ததைக் கேட்டு வளர்ந்தவன். தன் தகப்பனாருக்குச் சிராத்தம் செய்ய அவன் ஒருவன்தான். அதனால் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறான். கேட்டுவிட்டு, என் வார்த்தைக்காகக் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறான்.

பேனா யாரிடமும் இல்லை. வேதமாணிக்கம் காதில் இருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். சைக்கிள் சீட்டின் மேல் ஃபாரத்தை வைத்து, 'எடுக்கச் சொல்' என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் இரண்டாவது வார்த்தை கிழிந்துவிட்டது. அவர் அதைப் பறித்துக்கொண்டு ஏறி மிதித்தார். செருப்பு ஒன்று கழன்று தெருவில் கிடந்தது. திரும்பி எடுக்கவில்லை.

சாம்பசிவையர் என் அருகில் வந்து நின்றார். குரல் பெரிதாக இல்லை.

"எப்போ வந்தது ஓய் இது?"

"முந்தாநாள் மூணு மணிக்கு."

"ஓ." மேல்வேஷ்டியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பொய் சொல்ல மாட்டேன். முகூர்த்தத்துக்கு முன்னால சொல்லியிருந்தீர்னா நான் வண்டியைத் திருப்பியிருப்பேன். அது வாஸ்தவம். முகூர்த்தத்துக்கு அப்புறம் எதுக்கு ஓய் வெச்சிண்டிருந்தீர்?"

அறுபத்துநாலு வயதில் என் வாசலில் என்னை ஒருவர் கேள்வி கேட்டு, நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பிற்பகல் தந்தி வந்தது. சொராபின் வரிகளில் கோபம் இருந்ததோ இல்லையோ, இருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. "முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விஷம் ஏறிவிட்டது. இரண்டு நாள் முன்னால் என்றால் கணுக்காலோடு போயிருக்கும். பிழைப்பது நிச்சயமில்லை." கல்யாணத்தின் மூன்றாம் நாளும் நாலாம் நாளும் நடந்தன. மேளத்தை நிறுத்த வேண்டாம் என்று அனந்தமே சொல்லிவிட்டாள். ஆனால் அவள் பந்தலுக்கு வரவில்லை. பூஜை அறையில் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

பதினோரு நாள் கழித்து, ஜுரம் விட்டது, பிழைத்துவிட்டான் என்று தந்தி வந்தது. அன்று மங்கலம் தேங்காய் உடைத்தாள். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

கும்ப மாதம் இருபதாம் தேதி ராமுவின் கடிதம் வந்தது. படுக்கையில் இருந்து எழுதியது, எழுத்து சாய்ந்திருந்தது. கொடிக்கு வெளியே ஒரு சரிவின் நடுவில் போகும்போது காலுக்கு மேலே பனி ஒரு கோடாக வெடித்ததாம். துணி கிழிகிற சத்தம் கேட்டதாம். அதற்குப் பின் எது மேல் எது கீழ் என்று தெரியவில்லையாம். அவனைக் காட்டுப் பள்ளத்தில் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பனி நின்றது. ஒரு பலகையும் ஒரு பூட்ஸும் போயிருந்தன. தவழ்ந்து தவழ்ந்து வைக்கோல் குடிசைக்குப் போய், தெரிந்த மந்திரங்களை எல்லாம் சொல்லிக்கொண்டு கிடந்தானாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்:

"பெரியப்பாவின் உத்தரவு வர ரொம்ப நேரம் ஆயிற்று என்று சொராப் உங்களைத் திட்டினான். நான் அவனோடு சண்டை போட்டேன். கம்பி எங்கேயோ வழியில் நின்றிருக்கும். கையில் கிடைத்தால் பெரியப்பா ஒரு நிமிஷம் தாமதிக்கிறவர் இல்லை என்று சொன்னேன். அவனுக்கு உங்களைத் தெரியாது."

இதை நான் அனந்தத்துக்கும் மங்கலத்துக்கும் படித்துக் காட்டினேன். கடைசி வரிகளையும் படித்தேன். மங்கலம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அனந்தம் எழுந்து போய்விட்டாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். தினமும் காலையில் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது அவள் ஒரே கேள்வி கேட்டாள். "எழுதியாச்சா பெரியப்பா?" நான் இல்லை என்றேன். நாலாம் நாள் சொன்னேன்: "அனந்தம், அவன் இன்னும் எழுந்து நிக்கலை. இப்போ இதைச் சொல்லி என்ன ஆகப்போறது? அவன் பிடிச்சுக்க ஒண்ணாவது இருக்கட்டுமே. உடம்பு தேறி வரட்டும். நேர்ல நானே சொல்றேன்."

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். "நான் எழுதிட்டேன்."

"எப்போ?"

"முந்தாநாள். ஏரோப்ளேன் தபால். நானே போய்ப் போட்டேன்."

"நீயா? தெருவோட?"

"பின்னே எப்படிப் போறது? பறந்தா?" என்றாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டுப் பயந்ததாகவும் தெரியவில்லை.

அவள் கடிதம் போய்ச் சேர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். தந்தி ஒரே நாளில் போகும். மேல்வேஷ்டியைப் போட்டுக்கொண்டு தந்தி ஆபீசுக்கு நடந்தேன். வேதமாணிக்கம் எழுந்து நின்று ஃபாரம் கொடுத்தார். சொராபுக்கு எழுதினேன்: 'அனந்தலக்ஷ்மியின் கடிதத்தை ராமுவிடம் கொடுக்காதே, நீயே வைத்துக்கொள்.' அவனுடைய நன்மைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எழுதினேன்.

வேதமாணிக்கம் பென்சில் நுனியால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்த பிறகும் பென்சில் கடைசி வார்த்தையின் மேலேயே நின்றது. ஏன் என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை.

"அனுப்பட்டா சாமி?"

எனக்குப் பின்னால் ஒரு வக்கீல் குமாஸ்தாவும், தாலூக் கச்சேரிப் பியூனும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் என்னைத் தெரியும். இருவரும் ஒதுங்கி எனக்கு மரியாதை கொடுத்து நின்றார்கள். ஃபாரத்தைத் திருப்பி வாங்கி நாலாகக் கிழித்தேன். இன்னொன்று கேட்டு வாங்கி, இந்த முறை ராமுவின் பெயரையே எழுதினேன்.

'தாமதம் தந்தியில் இல்லை. பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தவன் நான்.'

வேதமாணிக்கம் எண்ணினார். கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் உள்ளே போய்க் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். பின்னால் நின்ற பியூன் தனக்கு நேரமாகிறது என்று இருமினான். நான் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் முடியும் வரைக்கும் நின்றேன்.

இது நடந்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது. ராமுவிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. அனந்தலக்ஷ்மிக்கு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அவள் அவற்றை என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.